உடையாத வாக்கியங்கள்

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் மொழிக் கோப்புகளை வாசிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். திரையில் தெரியும் ஒவ்வொரு பொத்தானும் அறிவிப்பும் எச்சரிக்கையும் அங்கே தனித்தனி வரியாக, உடையாமல் முழுதாக இருக்கின்றன. இந்த முழுமைதான் பல மொழிச் செயலியின் உயிர். ‘உங்களுக்கு’, ஓர் எண், ‘செய்திகள்’ என்று துண்டுகளை ஒட்டவைக்கும் நிரல் பல மொழிகளில் ஒழுங்காகப் பேசாது.

எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு ஒருமை, பன்மை போதும். ரஷ்ய மொழியில் 1, 21, 31 ஆகியவற்றுக்கு ஒரு வடிவம். 2 முதல் 4 வரை இன்னொன்று. 5 வந்தால் வேறொன்று. அரபிக்கோ ஆறு: சுழியம், ஒன்று, இரண்டு, 3 முதல் 10, 11 முதல் 99, பிறகு 100 போன்றவை. மொழிபெயர்ப்பாளர் வடிவங்களை எழுதி வைத்தால் போதும். எதை எப்போது எடுப்பது என்ற கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.

வேற்றுமை இன்னும் கடினம். ஃபின்னிய மொழியில் வேற்றுமைகள் பதினைந்து. தளத்தின் பெயரே வாக்கியத்துக்கு ஏற்ப மாறவேண்டும். அதற்கென்றே மீடியாவிக்கியில் ஒரு கட்டளை உண்டு. நமக்கும் இந்தச் சிக்கல் தெரியும். மதுரை ‘மதுரையில்’ ஆகிறது, ஈரோடு ‘ஈரோட்டில்’, சேலம் ‘சேலத்தில்’. எந்தப் பெயர் வந்து விழும் என்று தெரியாத இடத்தில் உருபை எப்படி ஒட்டுவது? கைதேர்ந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘சேலம் என்ற பக்கத்தில்’ என்று எழுதி, உருபைப் ‘பக்கம்’ மேல் ஏற்றிவிடுகிறார். எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் நிற்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆண்பால், பெண்பால் விஷயத்தில் நமக்கு உழைப்பே இல்லை. ரஷ்ய மொழிக்காரர் பயனர் தேர்ந்தெடுத்த பாலைப் பார்த்து வினையை மாற்றவேண்டும். நாம் ‘தொகுத்தார்’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் ரசிப்பது ‘க்யூக்யூக்யூ’ என்ற கோப்பை. அது எந்த மனிதரும் பேசாத மொழி. மொழிபெயர்ப்பாளருக்கான குறிப்புகள் அதில் இருக்கின்றன: இந்த வரி பொத்தானா தலைப்பா, இடையில் வருவது ஆளின் பெயரா பக்கத்தின் பெயரா, எந்தத் திரையில் தோன்றும். நிரலை எழுதியவர், எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்காக உட்கார்ந்து விளக்கம் எழுதியிருக்கிறார். பல மொழி ஆதரவு என்று பெயருக்குச் செய்யும் செயலிகளில் முதலில் காணாமல் போவது இந்த அக்கறைதான்.

இந்த வரிகளை நீங்களே தேடிப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாப் பக்கம் ஒன்றின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி இட்டு, ‘யூஸ்லாங்=க்யூக்யூஎக்ஸ்’ என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் திறந்தால், இடைமுக வரிகளுக்குப் பதில் அவற்றின் உள்பெயர்கள் தெரியும். உங்கள் காதுக்கு உறுத்தும் தமிழ் வரி ஒன்றின் பெயரைக் குறித்துக்கொண்டு, இவ்வரிகள் மொழிபெயர்க்கப்படும் டிரான்ஸ்லேட்விக்கி தளத்துக்குப் போங்கள். அங்கே கணக்குத் தொடங்கி அதைத் திருத்த யாரும் முன்வரலாம்.