நான்கு மூலைகளும் ஒரு சொல்லும்

பலெர்மோ நகரத்தின் வியா மக்வேதா வளைவு நெளிவு இல்லாத தெரு. சிசிலியை ஸ்பானிய அரசின் சார்பில் ஆண்ட மக்வேதா கோமகன் 1600இல் பழைய நகரத்தின் நடுவே வெட்டுவித்தது. கடற்பக்கத்திலிருந்து அரண்மனைக்குப் போகும் கஸ்ஸாரோ என்ற பழந்தெருவை அது செங்கோணத்தில் கடக்கிறது. கடக்கும் நாற்சந்தியின் பெயர் க்வாத்ரோ கந்தி, அதாவது நான்கு மூலை. 1608 முதல் 1620 வரை ஜூலியோ லாஸ்ஸோவின் திட்டப்படி நான்கு கட்டட முகப்புகளை அங்கே ஒரே அச்சாக, உட்குழிந்த வளைவில் எழுப்பினார்கள். ஒவ்வொரு முகப்பிலும் கீழே நீரூற்றும் ஒரு பருவகாலத்தின் சிலையும், நடுத்தளத்தில் ஒரு ஸ்பானிய மன்னர், மேலே நகரைக் காக்கும் ஒரு புனிதை. தளம் மாற மாற, தூண்களின் வகையும் மாறுகிறது.

எந்த மூலையையும் கீழிருந்து மேலாகப் படித்தால் ஒரு பருவம், ஒரு மன்னர், ஒரு புனிதை. அதே தளத்தில் சுற்றிப் படித்தால் நான்கு பருவங்கள். ஐந்தாம் சார்லஸும் அவருக்குப் பின்வந்த மூன்று பிலிப்புகளும். அகதா, நின்ஃபா, ஒலிவா, கிறிஸ்தினா என்ற நான்கு புனிதையர். கணினியில் விரிதாள் திறந்து பழகியவருக்கு இது பார்த்ததும் பிடிபடும். நான்கு நிரல், மூன்று நிரை, பன்னிரண்டு கலம். நானூறு ஆண்டுக்கு முன் கல்லில் செதுக்கிய அட்டவணை இது.

அட்டவணைக்குள் வராத ஒருத்தியும் உண்டு. முகப்புகள் முடிந்த நான்காம் ஆண்டு, 1624இல், பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியது. மோந்தே பெல்லக்ரீனோ மலைக் குகையில் கிடைத்த புனித ரோசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்த பின் நோய் ஓய்ந்தது என்று நகரம் நம்பியது. அவளே காவல் புனிதை ஆனாள். பழைய நால்வரும் பின்னுக்குப் போனார்கள். கல்லட்டவணையில் புது நிரல் சேர்க்க வழியில்லை. இன்று அவளுடைய மலைக்கோயிலுக்கு ஏறிப்போகிறவர்களில் ஈழத்தமிழர்கள் ஏராளம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் போகின்றன.

1980களில் இருந்து இந்த நகரத்தில் குடியேறிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இத்தாலியப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளியில் அவர்களுக்கு ‘கொலோன்னா’ என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. கட்டடத்தின் தூண் கொலோன்னா. நாளிதழின் பத்தியும் கொலோன்னா. விரிதாளின் நெடுவரிசையும் அதுவே. முதுகெலும்புத் தொடரை ‘கொலோன்னா வெர்த்தெப்ராலே’ என்கிறார்கள். திரைப்படத்தின் இசைக்கும் ஒலிக்கும் ‘கொலோன்னா சொனோரா’, நேராகச் சொன்னால் ஒலித்தூண். வீட்டில் தமிழ் பேசும்போது அதே பிள்ளைக்கு ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டியிருக்கிறது. இதைத் தமிழின் குறையாக நான் எண்ணியதில்லை. ஆனால் அந்தச் சொற்கள் நமக்குள்ளேயே முட்டிக்கொள்கின்றன. அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

தூணில் தொடங்கலாம். வியா மக்வேதாவின் வடகோடியில் தியாத்ரோ மாஸ்ஸிமோ. ஜொவான் பத்திஸ்தா ஃபிலிப்போ பசிலே தொடங்கி, மகன் எர்னெஸ்தோ முடித்த இசைநாடக அரங்கு. 1897 மே 16 அன்று வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ இசைநாடகத்தோடு திறந்தது. அகன்ற படிக்கட்டுக்கு மேலே ஆறு தூண்கள், கிரேக்கக் கோயில் முகப்பைப் போல. நம் ஸ்தபதியிடம் காட்டினால் பீடம், கால், பலகை, போதிகை என்று உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிவிடுவார். போதிகையில் இலைக்கொத்து செதுக்கியிருப்பதைப் பார்த்து இது கொரிந்திய வகை என்று ஐரோப்பியர் சொல்வார்கள். பாரம் தாங்கும் கல்லுக்கு ஒரு மொழியே அமைந்துவிடுகிறது.

இன்னொரு தூண், கஸ்ஸாரோ வழியே சிறிது தூரம் நடந்தால் வரும் பேராலயத்தில். தெற்கு வாயில் மண்டபத்தின் இடப்பக்கத் தூணில் குர்ஆனின் ஏழாம் அத்தியாயத்து 54ஆம் வசனம் அரபியில் பொறித்திருக்கிறது. அந்த இடத்தில் முன்பு பள்ளிவாசல் இருந்தது. தேவாலயம் கட்டியவர்கள் அந்தக் கல்லைச் செதுக்கி எழுத்தை அழிக்கவில்லை, வாயிலிலேயே நிறுத்தினார்கள். பலெர்மோவில் நான் மதிக்கும் கலைப்பொருள்களில் இதற்கே முதலிடம்.

தூணிலிருந்து திரைக்கு வருவோம். கொப்பலாவின் ‘காட்ஃபாதர்’ மூன்றாம் பாகத்தின் (1990) இறுதிப்பகுதி மாஸ்ஸிமோ படிக்கட்டில்தான் நடக்கிறது. கதைத்தலைவர் மைக்கேல் கோர்லியோனேயின் மகள் சுடப்பட்டு விழுகிறாள். மைக்கேல் வாய் பிளந்து அலறுகிறார். அலறலின் பெரும்பகுதி நமக்குக் கேட்பதில்லை. அந்த ஒலியை நீக்கிவிட்டு மஸ்காஞ்ஞியின் ‘கவல்லெரியா ருஸ்திகானா’ இசையை ஓடவிட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறொன்று. அந்தப் பிரிவுதான் காட்சியைத் தாங்குகிறது.

இத்தாலியத் திரைக்கதையாசிரியர்கள் இந்தப் பிரிவைத் தாளிலேயே வைத்திருந்தார்கள். பழைய இத்தாலிய முறைப்படி பக்கத்தை நெடுக்காக இரண்டாக வகுப்பார்கள். இடப்பக்கம் கண்ணால் காண்பது: இடம், அசைவு, ஒளி. வலப்பக்கம் காதால் கேட்பது: வசனம், ஓசை, இசை. அமெரிக்க முறையில் வசனம் பக்கத்தின் நடுவே ஒடுங்கி நிற்கும். எல்லாம் ஒரே ஓட்டமாக வரும். இரண்டுக்கும் நடுவே பிரெஞ்சு முறை என்று ஒன்று உண்டு. இன்று அமெரிக்க முறையே பெரும்பாலும் வென்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டு நிரலாக எழுதும்போது, வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தால் எழுதுகிறவருக்கே அது தெரியும்: இங்கே மௌனம். வசனத்தால் மட்டும் கதை நகர்ந்தால் இடப்பக்கம் காலியாகிக் காட்டிக்கொடுக்கும். வசனத்தின்மேல் அளவுக்கு மீறிச் சாய்ந்த தமிழ்த் திரையுலகுக்கு இது நல்ல பயிற்சியாக இருக்கும். படச்சுருள் இருந்த காலத்தில் ஒலியும் உண்மையிலேயே ஒரு நெடுங்கோடாகத்தான் இருந்தது. படச்சட்டகங்களுக்குப் பக்கத்தில், சுருளின் ஓரத்தில், மேலிருந்து கீழாக. ‘ஒலித்தூண்’ என்ற பெயர் வெறும் அலங்காரம் இல்லை.

பத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ் வாசகருக்குப் பழகிய வடிவம். பலெர்மோவின் மாலை நாளிதழ் ‘லோரா’வில் சிசிலிய எழுத்தாளர் லெயொனார்தோ ஷாஷா 1964 முதல் 1968 வரை ‘க்வதெர்னோ’, அதாவது குறிப்பேடு, என்ற தலைப்பில் பத்தி எழுதினார். அதே காலத்தில் கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தை ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதத் தொடங்கியவர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துப் பொறியாளர், மின்னணு வாக்கு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டவர், ‘ரோஜா’வுக்கு வசனம் தந்தவர். கணினி, திரை, பத்தி மூன்றையும் ஒரே ஆள் தமிழில் கையாண்டதற்கு அவரைவிட நல்ல சான்று இல்லை. பத்தி என்ற சொல்லுக்குள்ளும் கட்டடம் ஒளிந்திருக்கிறது. கோயிற்சுவரில் அரைத்தூண்கள் எல்லை வகுக்கும் பகுதியை ஸ்தபதிகள் பத்தி என்பார்கள். கர்ணபத்தி, சாலைப்பத்தி என்று அவற்றில் வகையும் உண்டு. இத்தாலியர் தூணின் பெயரை நாளிதழுக்குக் கொடுத்தார்கள். நம் சொல்லோ தூண்களுக்கு இடையிலுள்ள சுவரின் பெயராகவும் வழங்குகிறது.

சிக்கல் மென்பொருளில் வருகிறது. 1928இல் ஐபிஎம் துளையட்டைக்கு எண்பது நிரல் வகுத்தது. பிறகு வந்த கணினித் திரைகளும் எண்பது எழுத்து அகலத்தில் நின்றன. 1970இல் எட்கர் காட் தரவுத்தளத்துக்கு வகுத்த ஒழுங்கில், நிரை ஒரு பொருளைப் பற்றிய பதிவு. நிரல் அந்தப் பொருளின் ஒரு பண்பு. 1979இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தது. இன்றைய எக்செல் ஏட்டில் 16,384 நிரல்கள். இதையெல்லாம் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தடுக்கும். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் அணியின் கிடைவரிசை நிரை, நெடுவரிசை நிரல். அதே தமிழ்நாட்டில் கணினி என்று வந்தால் நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி. அதை எழுதுபவர் நிரலாளர். விரிதாளின் நிரலுக்கு நெடுவரிசை என்று வேறு பெயர். பத்தி என்று வைக்கலாம் என்றால் அது சொற்செயலியில் பாராவுக்குப் போய்விட்டது. இலங்கைப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் இல்லை: விரிதாளிலும் நிரை, நிரல், கலம்; கட்டளைத் தொகுதிக்குச் செய்நிரல். இந்த விஷயத்தில் இலங்கை வழக்கே சரி என்பது என் முடிவு.

அதற்கு இலக்கணத்திலும் ஆதாரம் இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் நிரல்நிறை என்றொரு பொருள்கோளைச் சொல்கின்றன. ‘கண்ணும் காதும் ஒளியும் ஒலியும் தேடின’ என்றால், கண் ஒளியைத் தேடியது, காது ஒலியைத் தேடியது என்று வரிசைக்கு வரிசை பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு நிரலை அருகருகே நிறுத்தி, குறுக்கே படிப்பதுதான் அது. இத்தாலியத் திரைக்கதைத் தாளும் நான்கு மூலைகளின் முகப்பும் கேட்பது இதே வாசிப்பைத்தான். நிரல் என்ற சொல்லுக்கு இவ்வளவு பழைய, துல்லியமான வேலை இருக்கும்போது அதை வேறு பொருளுக்குக் கொடுத்துவிட்டு நெடுவரிசை என்று நீட்டுவது வீண்.

இப்படிக் குறுக்கே படிக்க வேண்டிய, பலெர்மோ அரசவையில் உருவானதாகக் கருதப்படும் ஒரு நூல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாம் ரொஜேரோ சிசிலியின் மன்னரான 1130க்குப் பின் எழுதிய திருப்பாடல் ஏடு. பக்கத்துக்கு மூன்று நிரல்: இடப்பக்கம் கிரேக்கம், நடுவில் இலத்தீன், வலப்பக்கம் அரபி. முதல் இரண்டும் இடமிருந்து வலம் போக, மூன்றாவது வலமிருந்து இடம் வந்தாலும் பாட்டுக்குப் பாட்டு நேர்நேராக நிற்கும். எந்த மொழியும் இன்னொன்றுக்கு அடிக்குறிப்பாகச் சுருங்கவில்லை.

அதே வடிவில் ஒரு கலைச்சொல் ஏடு பலெர்மோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேண்டும். ஒரு நிரலில் இத்தாலியம், அடுத்ததில் ஈழத்து வழக்கு, மூன்றாவதில் தமிழ்நாட்டு வழக்கு. அங்கே வார இறுதியில் தமிழ் கற்பிப்பவர்கள் இதைத் தொடங்க வேண்டும். கொலோன்னா என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம்.