பொன்னாவின் மேல் விழும் சொல்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010இல். அதற்கு எதிராகக் கிளம்பிய போராட்டமும், 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் நாமறிந்தவை. இந்த ஆரவாரத்தில் நாவலே திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவாகச் சுருங்கிப்போயிற்று. நம்மவர்களில் வாசித்த சிலரும், "அது அவங்கட கோயில் கதை, நமக்கென்ன?" என்று மூடி வைத்துவிட்டார்கள்.

ஆனால் நாவலின் கனம் அந்த இரவில் இல்லை. அதற்கு முந்திய பன்னிரண்டு வருடங்களில் இருக்கிறது. காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். பிள்ளைதான் இல்லை. உறவுக்காரரின் கண் அவர்களுடைய காணியில். விசேஷ வீடுகளில் பொன்னா முன்னுக்கு வருவதை ஊர் விரும்பவில்லை. மலையுச்சியில் உள்ள வறடிக்கல்லை உயிரைப் பணயம் வைத்துச் சுற்றுகிறவளும் அவள்தான்.

இதில் பலர் கவனியாத ஓரிடம் உண்டு. குடும்பத்துக்குப் பிள்ளையில்லாமைக்கு நாவலுக்குள் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, காளியின் முன்னோர் ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமையால் வந்த சாபம். சாபம் ஆண்வழிக்கு, ஏச்சு மட்டும் வேறு வீட்டிலிருந்து வந்த பொன்னாவுக்கு! கலியாணமே கட்டாத நல்லுப்பையன் சித்தப்பா பிள்ளையில்லாமல் கம்பீரமாகத் திரிகிறார். அவரை யாரும் வறடன் என்பதில்லை.

மொழியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 'மலடன்' அகராதியில் இருக்கிறான், வாய்ப்பேச்சில் இல்லை. உயர்தர வகுப்பில் ஆண்பால், பெண்பால் சொற்களைக் கேட்டபோது ஒரு மாணவி, "சேர், மலடிக்கு ஆண்பால் இருக்கா?" என்றாள். பின்வாங்கில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஆனால் சூரா அஷ்ஷூராவின் 49, 50ஆம் வசனங்களில் வரும் 'அகீம்' என்ற சொல் இருபாலாருக்கும் பொது. அங்கே அது தண்டனையாகவும் சொல்லப்படவில்லை. பெண்மக்கள், ஆண்மக்கள், இருவரும், எவருமில்லை என்ற அல்லாஹ்வின் பங்கீட்டில் ஒன்று. ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைக்கப்பட நபியவர்கள் (ஸல்) இடம் கொடுத்தார்கள். நாமோ சாச்சி, பெரியம்மா என்று எத்தனை பிள்ளைகளை வளர்த்தவளையும் "புள்ளயில்லாதவ" என்றே அடையாளம் சொல்கிறோம்.

நமக்கு வறடிக்கல் இல்லைதான். "இன்னும் விசேஷம் ஒண்டுமில்லையா மகள்?" இருக்கிறதே! நாற்பதுக்குப் போன வீட்டில் கைக்குழந்தையை அவள் தூக்குமுன் யாரோ வாங்கிக்கொள்வதும் இருக்கிறது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணுக்கும் பங்குண்டு. விந்துப் பரிசோதனை இலேசானது. இருந்தும் முதலில் கிளினிக்குக்கு இழுபடுகிறவள் பெண்தான்; சில வீடுகளில் மாப்பிள்ளை பரிசோதிக்காமலே இரண்டாம் கலியாணம் முடிந்துவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு முதல் மனைவியின் சம்மதத்தைக் கேட்பதில்லை. இரண்டாம் கலியாணத்தைக் காளி மறுத்தான் என்பதை நமது வாசகர் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

நாவலில் எனக்கொரு குறையும் உண்டு. பதினாலாம் இரவுக்குக் காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பவைத்தே பொன்னாவை அனுப்புகிறார்கள். ஏமாற்றப்பட்டவள் அவள். ஆனால் கடைசிப் பக்கத்தை ஆசிரியர் பூவரச மரத்தடியில் நிற்கும் காளிக்குத்தான் கொடுக்கிறார். பிறகு எழுதிய இரண்டு தொடர்ச்சிகளில், 'ஆலவாய'னில் காளி இறந்துவிடுகிறான். 'அர்த்தநாரி'யில் பிழைத்துப் பேசாமலிருந்தே அவளைத் தண்டிக்கிறான். செத்தாலும் இருந்தாலும் தீர்ப்பு அவளுக்குத்தான். திரும்பிவந்த அந்தக் காலையில் பொன்னா என்ன நினைத்தாள் என்பதை முதல் நாவலிலேயே, அவளுடைய வாயால் கேட்டிருக்கலாம்.