பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கம் குடியிருக்கும் சினிமா ரசிகர் ஒருவர், பழையதும் புதியதுமாக நான்கு தமிழ்ப் படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தார். மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் படம் போடுவார். காரணம், அவர் கண்ணைவிடக் காதை நம்புகிறவர். இயக்குநர் எந்த இடத்தில் சத்தத்தை நிறுத்துகிறார் என்பதை வைத்தே படத்தை எடைபோடுவார்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ‘அந்த நாள்’ (1954) படத்துக்கு. பாட்டுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போன காலத்தில், ஏவி.எம். நிறுவனம் ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்த படம். இயக்கியவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் என்பதுதான் விசேஷம்! இசை எங்கே வேண்டாம் என்று இசை தெரிந்தவருக்குத்தானே தெரியும்? 1943இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம் கதை நடக்கிறது. ரேடியோ பொறியாளராக வரும் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். அதன்பின் அவர் வாழ்வது மற்றவர்களின் நினைவுகளில்தான். குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) தந்த உந்துதல் இது. ஆனால் அங்கே உண்மை கடைசிவரை பிடிபடுவதில்லை. இங்கே கொலையாளி யாரென்று தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் மறக்க முடியாதது பண்டரிபாயின் முகம். ஓடாமல் போன இந்தப் படத்தை இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை.

எழுபது ஆண்டுக்குப் பின் வந்த ‘கொட்டுக்காளி’ (2024) இன்னும் ஒரு படி மேலே போகிறது. பி.எஸ்.வினோத்ராஜ் பின்னணி இசையையே விட்டுவிட்டார். ஷேர் ஆட்டோவின் உறுமல், சேவலின் கொக்கரிப்பு, காற்று, தொண்டை கட்டிய சூரியின் குரல்... இவைதான் இசை. பேய் பிடித்ததாகச் சொல்லிச் சாமியாடியிடம் அழைத்துப்போகப்படும் மீனா (அன்னா பென்) கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. அவளுடைய மௌனத்துக்கு முன்னால் ஆண்களின் கத்தல் எடுபடவில்லை. வழிமறித்த காளையின் முன் அத்தனை ஆண்களும் திகைத்து நிற்க, ஒரு சிறுமி வந்து சர்வசாதாரணமாக அதைப் பிடித்துக்கொண்டு போவாள். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பொறி எடுத்து, முற்றிலும் வேறொன்றாக வளர்ந்த படம். ஆற்றங்கரை முடிவில் இளையராஜாவின் இசை இருப்பதும் விலகி நிற்பதும் ஒருசேரத் தெரியும்.

‘மெய்யழகன்’ (2024) மீது அந்த ரசிகருக்குப் பிரியமும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. மணமேடையிலேயே அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிரித்துத் தங்கை அணிந்துகொள்ளும் இடத்தில் வசனத்துக்கு வேலையே இல்லை, பார்ப்பவர் அழுதுவிடுகிறார். அப்படியொரு காட்சியை எடுக்கத் தெரிந்த பிரேம்குமார், இரவு முழுக்க நாயகர்கள் இருவரையும் அவ்வளவு பேசவிட்டிருக்க வேண்டாம். வெளியான பிறகு 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்பதே ரசிகரின் தீர்ப்பு.

நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ‘அந்த நாள்’ பாருங்கள். கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, வீடு அடங்கிய பிறகு.