ஸ்கீ கடையில் சொல்லும் பொய்

இன்ஸ்ப்ரூக்கிலோ முனிக்கிலோ ஒரு ஸ்கீ கடைக்குள் நுழைந்தால், சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். சிவப்பு, கறுப்பு, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். நிறைய ஸ்கீக்களில் 'ரேஸ்' என்றோ 'வேர்ல்ட் கப்' என்றோ எழுதியிருக்கும். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: ''எப்படி ஓட்டுவீங்க? சுமாரா, நல்லாவா, ரொம்ப நல்லாவா?''

வருஷத்துக்கு ஆறு நாள் பனியில் கால் வைக்கிற ஆசாமி கொஞ்சமும் கூசாமல் ''ரொம்ப நல்லா'' என்கிறார். பக்கத்தில் மனைவி நின்றால் நிச்சயம் சொல்வார். இந்தச் சின்னப் பொய்க்கு என்ன விலை என்பதுதான் விஷயம். விலை என்றால் யூரோவை மட்டும் சொல்லவில்லை.

ஆல்ப்ஸில் விடுமுறைக்கு வரும் ஜனங்கள் பெரும்பாலும் இறங்குவது சீராக்கிய சரிவில். ராத்திரி முழுக்க சங்கிலிச் சக்கரம் வைத்த பெரிய வண்டிகள் மலைமேல் ஏறி இறங்கி, பனியைக் கிளறி, அழுத்தி, சீப்பால் வாரின மாதிரி விட்டுவிட்டுப் போகும். காலை எட்டரைக்குப் பார்த்தால் கார்டுராய் துணி போலக் கோடு கோடாக இருக்கும். அதன்மேல் சறுக்காமல், வெட்டிக்கொண்டு வளைவதற்குப் பெயர் கார்விங். ஓட்டினவர் பின்னால் ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு மெல்லிய கோடு மட்டும் இருந்தால் அவர் வெட்டியிருக்கிறார். பனி விசிறியடித்திருந்தால் சறுக்கியிருக்கிறார்.

இது சாமானியருக்கும் கிடைத்தது 1990-களில். அதற்குமுன் ஸ்கீ என்பது இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய நேரான பலகை. இடுப்பு இருந்தது, ஆனால் தேடிப் பார்க்க வேண்டும். ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனியில் யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபிட்ஸ் என்று இரண்டு இன்ஜினீயர்கள், முன்னும் பின்னும் அகலமாக்கி இடுப்பைச் சிறுக்கவிட்டு, 1993-ல் எஸ்.சி.எக்ஸ். என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சில வருஷங்களில் மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. (அதே எலானின் பழைய நேர்ப்பலகைகளில்தான் இங்கமார் ஸ்டென்மார்க் 86 உலகக் கோப்பைப் பந்தயங்களை ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனுஷன் வேற ஜாதி.)

அந்த இடுப்பு வளைவு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. வட்டத்தின் ஆரத்தை ஸ்கீயிலேயே 'R 13' என்றோ 'R 18' என்றோ மீட்டரில் அச்சடித்திருப்பார்கள். பளபளக்கிற பலகையில் உண்மை பேசுகிற ஒரே இடம் அதுதான் என்பேன். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கொஞ்சம் பள்ளிக்கூட பௌதிகம், பயப்படாதீர்கள். சைக்கிளில் வளைவில் சாய்கிறீர்களே, அதேதான். சரிவின் இறக்கம், உடம்பை ஒடித்துக்கொள்வது எல்லாவற்றையும் மறந்து உத்தேசமாகக் கணக்குப் போட்டால், 45 டிகிரி சாய்ந்து சுத்தமாக வெட்ட R 13-க்கு மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம் வேண்டும். R 18-க்கு 40. R 30-க்கு 52. வேகம் போதாவிட்டால் அவ்வளவு சாய முடியாது, விழுந்துவிடுவீர்கள். மணிக்கு 25-ல் போகிறவர் R 13-ல் 22 டிகிரி சாயலாம். R 30-ல் வெறும் 9. 9 டிகிரியில் ஸ்கீ வளையவே வளையாது. அப்புறம் என்ன, பழையபடி வாலைத் தள்ளித் தள்ளித் திருப்ப வேண்டியதுதான். ஆக, R என்பது 'நீ எவ்வளவு வேகத்தில் வருவாய்?' என்று ஸ்கீ உங்களைக் கேட்கிற கேள்வி.

இந்த ஒரு எண்ணுக்காக உலக சாம்பியன்களே சண்டை போட்டிருக்கிறார்கள். 2012-13 சீசனில் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் ஆண்கள் ஜயன்ட் ஸ்லாலத்துக்கு ஆரத்தை 27-லிருந்து 35 மீட்டராக ஏற்றியது. காயங்களைக் குறைக்கத்தான் என்றது. அமெரிக்காவின் டெட் லிகெட்டி பகிரங்கமாகக் கத்தினார். கத்திவிட்டு, அந்தப் பிடிக்காத ஸ்கீயிலேயே பழகி, 2012 அக்டோபரில் சோல்டனில் 2.75 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நூறில் ஒரு பங்கு விநாடியில் ஜெயிக்கிற விளையாட்டில் இது அராஜகம். 2017-18-ல் ஆரம் 30-க்கு இறங்கியது. இவர்களுக்கே இந்தப் பாடு என்றால், நாம் கலரைப் பார்த்து வாங்குகிறோம்.

கேட்டலாக்குகளின் தமாஷ் வேறு. 'டைட்டனல்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் டைட்டானியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அலுமினியக் கலவை. ஆஸ்திரியாவில் உருட்டுகிறார்கள். நல்ல சரக்குதான்: மரத்துக்கு மேலும் கீழும் ஒரு தகடு வைத்தால் கட்டிப் பனியில் ஸ்கீ நடுங்காது. ஆனால் தகடு தடிக்கத் தடிக்க, வளைக்க எடையும் வேகமும் கேட்கும். அதை மட்டும் சின்ன எழுத்தில்கூடப் போடுவதில்லை.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். ''ரொம்ப நல்லா'' என்று சொன்னதும் கடைக்காரர் உங்களுக்கு விறைப்பான ஸ்கீயைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. பைண்டிங் திருகையும் ஏற்றுகிறார். விழும்போது பூட்ஸை விடுவிக்கிற சாதனம் அது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், அப்புறம் நீங்களே சொல்கிற 'டைப்': ஒன்று நிதானம், மூன்று முரட்டு வேகம். முதல் நாலும் அளந்து சரிபார்க்கக்கூடியவை. கடைசியில் உங்கள் வாய்ச்சொல்தான் சாட்சி. ஒவ்வொரு படிக்கும் எண் ஏறும். ஐம்பது வயது தாண்டினால் ஒரு படி இறக்கச் சொல்கிறது. அங்கேயும் சிலர் வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள்!

விளைவு: கழன்றுகொள்ள வேண்டிய நேரத்தில் ஸ்கீ கழலாது. பைண்டிங்குகள் வந்தபின் கணுக்கால், முழங்கால் நடுவே எலும்பு முறிவது நிறையக் குறைந்தது. முழங்கால் தசைநாரை மட்டும் அவற்றால் அவ்வளவாகக் காப்பாற்ற முடியவில்லை. பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழும்போது ஸ்கீயின் வால் பனியைக் கவ்விக்கொண்டு முட்டியைத் திருகும். கார்விங் ஸ்கீக்குக் கவ்வுவதுதானே தொழில்? பொய் சொன்னவருக்கு அது விசேஷமாகவே கவ்வும்.

சரி, எதைத்தான் வாங்குவது? முதலில் பூட்ஸ். ஸ்கீயில் மிச்சம் பிடித்தாவது பூட்ஸில் போடுங்கள். காலுக்குப் பொருந்தாத பூட்ஸில் எந்த உயர்ஜாதி ஸ்கீயும் கட்டைதான். பூட்ஸின் விறைப்பைச் சொல்லும் 100, 120 எண்களை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 110 இன்னொன்றின் 100-ஆக இருக்கலாம். சீரான சரிவு மட்டும் என்றால் ஸ்கீயின் இடுப்பு 66-லிருந்து 72 மில்லிமீட்டருக்குள். அகலம் கூடினால் ஒரு எட்ஜிலிருந்து மற்றதுக்கு மாறச் சோம்பல் காட்டும். R 13-லிருந்து 16. 'வேர்ல்ட் கப்' வேண்டவே வேண்டாம், மணிக்கு 50-ஐ சாதாரணமாகத் தொடுகிறவரைத் தவிர. எட்ஜைச் சாணை பிடிக்கப் பணம் ஒதுக்குங்கள். மழுங்கிய விலையுயர்ந்த ஸ்கீயைவிடக் கூர்மையான மலிவு ஸ்கீ மேல்.

வாங்குமுன் டெஸ்ட் ஸ்கீயாக வாடகைக்கு எடுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று ஜோடி மாற்றிப் பார்க்க விடுகிற கடைகள் உண்டு. காலை எட்டரைக்கு எல்லா ஸ்கீயும் தேவாமிர்தமாக ஓடும். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி போங்கள். கார்டுராய் போய், ஆயிரம் பேர் உழுது குவித்த மேடும், நடுவில் கண்ணாடி மாதிரி ஐஸும் இருக்கும். தொடை நடுங்குகிற அந்தக் கடைசி இறக்கத்தில் எந்த ஜோடி உங்களைத் திட்டவில்லையோ, அதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போங்கள். கடைக்காரர் டைப் என்னவென்று கேட்டால், ''இரண்டு'' என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருந்தாலும்.