நீதிநெறி விளக்கமும் குடிகளின் முறையீடும்

ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபர அடிகளின் நீதிநெறி விளக்கம் 102 வெண்பாக்களால் இயன்றது. அறநூல் வரிசையில் வைத்தே இதனைப் பயின்று வந்துள்ளோம். கல்விச் சிறப்பும் இளமை நிலையாமையும் கூறும் பாடல்கள் நாவில் நின்ற அளவிற்கு அரசியற் பாடல்கள் நிற்கவில்லை. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வேண்டுகோட்கு இணங்கி இந்நூல் பாடப்பெற்றது என்பது வழக்கு. அது மெய்யாயின், தம்மை ஆளும் மன்னன் செவிப்படவே புலவர் இவற்றைப் பாடினார் எனல் வேண்டும். அம்மன்னனுக்கு இவர் வகுக்கும் எல்லை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

குடிகளை வருத்தி இறை கொள்ளும் மன்னனை, கறவைப் பசுவின் மடியைச் சிதைத்துப் பால் கொள்வானோடு ஒப்பிடுகிறார். உவமை கூரியது, ஆயினும் காரணம் மன்னன் பயனையே சார்ந்து நிற்கிறது. குடியோம்பிக் கொள்வானுக்குப் பெருநிதி வாய்க்கும் என்பதே அங்குக் காட்டப்பெறும் முடிபு. இது நல்ல அமைச்சன் சொல்லத்தக்கது, இதனின் மேம்பட்டதன்று.

முறையீடு பற்றிய வெண்பாவோ வேறு தரத்தது. ஒற்றரால் அறியப்படாதவற்றைத் தானே மறைந்து திரிந்து அறிந்த பின்னரும், குற்றம் அறிதல் அரிதென்று அஞ்சுவதே செங்கோன்மை. குடிகள் தாமே சென்று முறையிடவும் கேளாதிருத்தல் செங்கோன்மை அன்று என்கிறார். இங்குப் பயன் பேசப்படவில்லை. அரசு என்னும் சொல்லின் பொருளே வரையறுக்கப்படுகிறது. அச்சம் குடிகள்பால் இல்லை, மன்னன்பால் வைக்கப்பட்டது என்பதும் நோக்குக.

இவ்விடத்தில் அமெரிக்க அரசியலறிஞர் தாமசு செபர்சனை நினைத்தல் பொருந்தும். 1774-இல் அவர் எழுதிய சிறுநூல், பிரித்தானிய அமெரிக்காவின் உரிமைகளை அரசர்க்கு எடுத்துரைப்பது. அரசர் மக்களின் பணியாளரேயன்றி உடைமையாளர் அல்லர் என்பது அதன் துணிபு. அதுவும் மன்னனை முன்னிறுத்திய அறிவுரையே. ஈராண்டு கழித்து, 1776-இல், விடுதலைச் சாற்றுரையை வரைந்தபோது அவர் நோக்கியது உலகத்தை. பன்முறை முறையிட்டும் தீங்கே விடையாயிற்று. ஆகவே அவ்வரசை நீக்குதல் மக்கள் உரிமை என்றார். (அவ்வுரை எழுதிய கை அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தது. அவர்தம் முறையீட்டிற்கு அதில் இடமில்லை.)

நம் மரபில் கேளா மன்னனுக்கு வரும் கேடு வேறு வழியில் வருவது. அல்லற்பட்டார் கண்ணீரே செல்வத்தைத் தேய்க்கும் படை என்பர் வள்ளுவர். கண்ணகி வழக்குரைத்தபோது பாண்டியன் தன் உயிரையே தண்டமாக இறுத்தான். தண்டிப்போன் மன்னனே, அல்லது அறக்கடவுள், குடிகள் அல்லர். குமரகுருபரர் இவ்விரண்டையும் கூறாது விடுத்தமை குறிப்பிடத்தக்கது. சாபமும் இல்லை, ஊழும் இல்லை. கேளாமை செங்கோன்மை அன்று என்ற அளவில் வெண்பா முடிகிறது. கேளாது திருப்பப்பெற்ற குடிகள் வாயிலைக் கடந்தபின் யாது செய்தனர் என்பது அதில் இல்லை.