சீனப் பரணி: அலங்காரமா, அடுக்களையா?

சீனப் பீங்கானைப் பற்றி எழுதுகிற அறிஞர் பலர் ஐரோப்பிய அரண்மனையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பிரபுக்கள் வாங்கினார்கள், மாளிகையை அலங்கரித்தார்கள் என்பதோடு சரி. அது பாதிக் கதைதான் என்பது என் கருத்து.

அந்தப் பாதியும் லேசுப்பட்டதல்ல. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், 1717இல் 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து 151 பீங்கான்களைப் பெற்றார். ஒரு பாண்டத்துக்கு ஏறக்குறைய நாலு ஆள்! வியாபாரியான எனக்கே இந்தக் கணக்கு உறுத்துது. பெர்லின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் ஓர் அறையின் சுவர் முழுக்கப் பீங்கானாக அடுக்கிவைத்தார்கள். பார்ப்பதற்கும் பெருமைக்கும்தான் அவை.

இப்பாண்டங்களை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியதில் டச்சுக் கம்பெனிக்குப் பெரும்பங்கு உண்டு. 1741இல் நம்ம பக்கத்துக் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதும் அதே கம்பெனிதான்.

அந்த மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரே பந்தியில் உண்ணத்தக்க ஊட்டுப்புரை அங்கே இருக்கிறது. ஊறுகாய் வைக்கப் பயன்பட்ட பெரிய சீனப் பரணிகளையும் காணலாம். அரண்மனையிலும் பரணிக்கு வேலை இருந்திருக்கிறது!

காரணம் எளிது. உப்பும் புளிப்பும் பட்டால் செம்பு களிம்பேறும், இரும்பு துருப்பிடிக்கும். மண்பானையோ உறிஞ்சிக்கொள்ளும். மெருகிட்ட பரணிக்கு இந்தக் குறை இல்லை. உப்புமாங்காயும் வைத்தியரின் அரிஷ்டமும் அதிலே பத்திரமாகக் கிடந்தன. குளத்தூர், பாறசாலைப் பக்கம் குடிவந்த நம்மவர் வீடுகளுக்கும் பரணி இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சீனப் பரணி என்று சொல்லப்படுவதெல்லாம் சீனத்தில் செய்ததல்ல. நம் நாட்டுச் சூளையில் வெந்ததும் உண்டு. இரும்பாலான வாணலியைக்கூட இங்கே சீனச்சட்டி என்கிறோமே! பொருள் மாறினாலும் பெயர் நிலைத்துவிட்டது. அரண்மனைச் சேகரிப்பை மட்டும் எண்ணுகிற ஆய்வுக்கு இந்தச் சொல்வழக்கு அகப்படாது.

சாக்சனி மன்னரின் பாண்டங்களுக்குப் பட்டியல் எழுதிவைத்தார்கள். இன்றும் டிரெஸ்டனில் அவை காக்கப்படுகின்றன. நம்ம பரணிகளோ பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் வந்த விலைக்குப் போகின்றன. அவை பிறகு நட்சத்திர ஓட்டல் வாசலில் வெறும் அலங்காரமாக நிற்கும். அதில் மாங்காய் போட்ட கைகளைப் பற்றி அங்கே யார் சொல்வார்கள்?

விற்காதீர்கள் என்று சொல்ல வியாபாரி எனக்கு வாய் வராது. விற்குமுன் அதன் அளவு, அடையாளம், எத்தனை தலைமுறை, என்ன வைத்தார்கள் என்று வீட்டுப் பெரியம்மாக்களிடம் கேட்டு எழுதிவைத்துவிடுங்கள். மீதிப் பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.