கால் மேலே, தாளம் கீழே

பிரேக்டான்ஸ் பற்றி எதுவும் தெரியாதவர்கூடப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் வித்தை ஹெட்ஸ்பின். தலையைத் தரையில் ஊன்றி, இரண்டு காலையும் மேலே விரித்து ஒரு பையன் சுற்ற ஆரம்பித்தால் போதும், சுற்றி நிற்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அப்படி எண்ணுவதில்தான் நம் ரசனை வழிதவறுகிறது.

நவி மும்பையில் கோபர்கைரனே, வாஷி பக்கத்து ரயில் நிலையங்களை நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ விசாலமாகக் கட்டியிருக்கிறது. வழவழப்பான அகலத் தளமும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் கிடைத்தால் மும்பைப் பையன்களுக்கு அதுவே அரங்கம். வரிசையாக ஆடிப் பழகுகிறவர்களுக்கு நடுவே ஹெட்ஸ்பின் கற்கிறவனை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள், அவன் மட்டும் குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பத் தலைகீழாக நின்று விழுந்துகொண்டிருப்பான்.

பாடம் நிற்பதில்தான் தொடங்குகிறது. தலையும் இரண்டு உள்ளங்கைகளும் தரையில் ஒரு முக்கோணம் போட வேண்டும். உச்சியில் எந்த இடம் உடம்பின் எடையை ஆடாமல் தாங்குகிறதோ அதை ஒவ்வொருவரும் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். குருவால் சொல்லித் தர முடியாது. பிறகு கால்களை ‘வி’ வடிவில் விரித்து, இடுப்பை முறுக்கி, கையால் தரையைத் தட்டிக் கால்சுற்று. அதில் நிதானம் வந்தால் அரைச்சுற்று. அப்புறம்தான் முழுச்சுற்று. தட்டித் தட்டிச் சுற்றுவதை ‘டாப்’ என்பார்கள். ஒவ்வொரு தட்டலிலும் வேகம் சேரும். அதே தட்டல் இடுப்பை அச்சிலிருந்து நழுவவும் வைக்கும். இடுப்பு ஒரு விரற்கடை சாய்ந்தாலும் ஆள் சரிந்துவிடுவான். அதனால் சுற்றக் கற்பதற்கு முன்பே, கழுத்தில் பாரம் விழாமல் காலைத் தரையில் இறக்கி விழக் கற்றுக்கொள்கிறார்கள்.

தேர்ந்தவனிடம் பார்க்க வேண்டியது, கை தரையை விடும் நொடி. அதுவரை கை கொடுத்த வேகத்தை அதற்குப் பிறகு காலால்தான் ஆள முடியும். கால் விரிந்திருந்தால் சுழற்சி மெதுவாகவும் நிதானமாகவும் போகும். இரண்டு காலையும் சேர்த்து, கைகளை உடம்போடு ஒட்டினால் உருவம் மங்குகிற வேகம் வரும். இதற்கு ‘டிரில்’ என்று பெயர். பனிச்சறுக்கில் சுழல்கிற பெண் கையை மடக்கியதும் வேகம் எடுக்கிறாளே, அதே கோண உந்த விதிதான். ஆனால் இவன் வெறும் பம்பரம் அல்ல. பம்பரத்துக்குச் சாட்டையைச் சுண்டியதோடு வேலை முடிந்தது. இவன் சுழலும்போதே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். காலை மடக்கி, நீட்டி, குறுக்கே போட்டு, ஒரே சுழற்சிக்குள் பல வடிவம் காட்டுகிறவனே கலைஞன்.

அடுத்தது நிறுத்தம். அதன் அருமை புரிய இந்த ஆட்டம் பிறந்த கதைக்குப் போக வேண்டும். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்து ஹிப்ஹாப்பின் கதையைச் சொல்வது வழக்கம். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் ‘பிரேக்’ என்ற துண்டை அவர் நீட்டி நீட்டி ஒலிக்கவிட, அதற்கு ஆடப் பிறந்தது பிரேக்கிங் எனப்படும் இந்த ஆட்டம். ஹெட்ஸ்பின்னை இதற்குள் கொண்டுவந்தவராக டைனமிக் ராக்கர்ஸ் குழுவின் கிட் ஃப்ரீஸைச் சொல்வார்கள். பிரேசிலின் கபோய்ரா ஆட்டத்திலும் தலையில் சுழலும் அசைவு உண்டு. யார் தொடங்கினாலும், தாளத்துக்குப் பிறந்த ஆட்டம் தாளத்தில்தான் முடிய வேண்டும். மும்பையின் சண்முகானந்தா அரங்கில் பரதம் பார்த்துப் பழகிய மாட்டுங்காக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடவுக்கோவையை முடிக்கும் தீர்மானம் தாளத்தின் தொடக்க அடியான சமத்தில் விழாவிட்டால் அடவு எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்? சுழற்சி சட்டென்று உறைந்து ‘ஃப்ரீஸ்’ ஆகிறபோது அது அடியில் விழுந்ததா என்று காது கேட்க வேண்டும்.

மும்பைக்கு இந்த ஆட்டம் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் பெயருக்குப் பதிலடியாக ‘ஸ்லம்காட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட தாராவிக் குழுவை எண்ணிப் பாருங்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி-பாய் அக்கு, தாராவிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பிரேக்கிங் சொல்லித் தந்தவர். மேடையோ ஆடையலங்காரமோ கேட்காத கலை இது. ஹெட்ஸ்பின்னோ எல்லாவற்றையும்விடச் சிக்கனம்: கால் விரிக்கிற அகலம் இருந்தால் போதும், தரையைத் தொடுவது உள்ளங்கையளவு. வீடுகள் முட்டிக்கொண்டு நிற்கும் சந்துக்கு இதைவிடப் பொருத்தமான வித்தை ஏது?

2019 நவம்பரில் ரெட்புல் பிசி ஒன் என்ற பிரேக்கிங் போட்டியின் உலக இறுதிச் சுற்று மும்பைக்கே வந்தது. பட்டம் வென்றவர் நெதர்லாந்தின் மென்னோ. சுழற்சி வித்தைகளால் மலைக்கவைப்பவர் அல்ல அவர்; கற்பனையாலும் குறும்பாலும் தாளத்தோடு விளையாடியும் பெயர் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நடுவர்கள் நுட்பம், அசைவுகளின் வளம், நேர்த்தி, இசையுணர்வு, தனித்துவம் என்ற ஐந்தையும் சமமாக வைத்தே தீர்ப்பளித்தார்கள். எத்தனை சுற்று என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை.

இந்த அழகுக்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. உச்சியில் முடி கொட்டுவது இந்த ஆட்டக்காரர்களுக்குப் பழகிப்போனது. 19 ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிய டென்மார்க்காரர் ஒருவரின் தலையில் வளர்ந்த புடைப்பை அறுவைசிகிச்சை செய்து நீக்கியதை 2024இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்தது. கழுத்துக்கு வலுவேற்றும் பயிற்சி இல்லாமல், யூடியூப் பார்த்து ஒரே நாளில் சுற்றிவிட நினைக்கிற பிள்ளைகளைப் பெரியவர்கள் தடுக்கத்தான் வேண்டும். கை மரத்துப்போனாலோ கழுத்து வலித்தாலோ அன்றோடு நிறுத்திக்கொள்வதும் பயிற்சியில் சேர்ந்ததே.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இல்லை. அதனால் இந்தக் கலைக்கு எதுவும் குறைந்துவிடாது. அது வளர்ந்தது தெருவில், பார்க்கிறவர்கள் போட்ட வட்டத்துக்குள். அந்த வட்டத்தில் அடுத்த முறை நீங்கள் நிற்க நேர்ந்தால் சுற்றுகளை எண்ணாதீர்கள். கை எப்போது தரையை விட்டது, கால் என்ன வடிவம் காட்டியது, எந்த அடியில் நின்றது என்று மட்டும் கவனியுங்கள். மூன்றும் சரியாக இருந்தால், இரண்டே சுற்றானாலும் தாராளமாகக் கைதட்டுங்கள்.